நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணியர் கப்பல், 2023–2025: நிகழ்வு ஆய்வு

ஆய்வின் வரம்பு

பெரிய நாடு ஒன்று தன் சிறிய அண்டை நாட்டுடன் போக்குவரத்துத் தொடர்பை ஏற்படுத்த முனையும்போது, பெரும்பாலும் துறைமுகம், பாலம், இரயில் பாதை ஆகியவற்றின் கட்டுமானச் செலவைப் பற்றியே பேச்சு எழுகிறது. கட்டிய பிறகு அந்தத் தொடர்பை நாள்தோறும் யார் பணம் கொடுத்து நடத்துவது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள காங்கேசன்துறைக்கு விடப்பட்ட பயணியர் கப்பல் அந்தக் கேள்வியை மிகத் தெளிவாக முன்வைக்கிறது. சேவை 2023 அக்டோபரில் தொடங்கி ஒரு வாரத்துக்குள் நின்றது. பத்து மாதங்களுக்குப் பின் வேறொரு கப்பலுடனும் வேறொரு நிதி ஏற்பாட்டுடனும் மீண்டும் தொடங்கியது. இரண்டாவது முயற்சி ஏன் தாக்குப்பிடித்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். முடிவெடுத்த அதிகாரிகள், கப்பலை இயக்கியவர்கள், பயணிகள் ஆகியோரின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை.

பின்னணி

பாக்கு நீரிணையைக் கடக்கும் பயணம் புதிதல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் இரயில் ஏறியவர் இடையில் கப்பல் மாறி, மறு கரையில் மீண்டும் இரயில் பிடித்துக் கொழும்பில் போய் இறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் நிலைமை மோசமானபோது அதுவும் நின்றுபோனது.

போர் முடிந்த பிறகு இரு அரசுகளும் 2011 ஜனவரியில் பயணியர் கப்பலுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு வழியில் பெரிய கப்பல் ஒன்று விடப்பட்டது. அதில் போதிய பயணிகள் ஏறவில்லை. எரிபொருள் பாக்கிக்காகக் கொழும்பில் நீதிமன்ற ஆணையின் பேரில் கப்பல் தடுத்துவைக்கப்பட, ஆறு மாதம்கூட ஆகாமல் சேவை முடிந்தது. இருக்கைகள் நிரம்பாத கப்பலின் அன்றாடச் செலவை இயக்குபவர் தலையில் மட்டும் சுமத்தினால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இதற்கிடையே இலங்கையின் வடக்கில் இந்திய நிதியில் பல பணிகள் நடந்தன. போரில் சிதைந்த வடக்கு இரயில் பாதை இந்தியக் கடனுதவியில் மீண்டும் போடப்பட்டு, 2014 அக்டோபரில் யாழ்தேவி இரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. 2015 ஜனவரியில் பாதை காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. அத்துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல் சிதைவுகளை இந்தியா அகற்றித் தந்தது. 2018-இல் அதே துறைமுகத்தின் சீரமைப்புக்கு 45.27 மில்லியன் டாலர் கடன் ஒப்பந்தமும் ஆனது. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, பெருந்தொற்றில் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

2022-இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை அறிவித்தபோது, இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் அளித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் இலங்கை அதிபர் புது தில்லி வந்தபோது இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டு ஆவணம் கடல், வான், மின்சாரம், வணிகம், மக்கள் தொடர்பு எல்லாவற்றிலும் இணைப்பை வலியுறுத்தியது. அதில் உடனடியாகச் செய்து காட்டக்கூடியதாக இருந்தது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல். தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். பயணம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் தொடக்கம்: அக்டோபர் 2023

இந்தியக் கப்பல் கழகம் இயக்கிய, 150 பேர் அமரக்கூடிய 'செரியபாணி' என்ற விரைவுக் கப்பல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்டோபர் 8-ஆம் தேதி வெள்ளோட்டம் நடந்தது. 10-ஆம் தேதி என்று சொல்லப்பட்ட தொடக்க விழா 12-க்கும், பிறகு 14-க்கும் தள்ளிப்போனது. 14-ஆம் தேதி இந்தியப் பிரதமர் காணொலி வழியாகச் சேவையைத் தொடங்கிவைத்தார். தொடக்க நாளுக்கு மட்டும் கட்டணம் 2,800 ரூபாய் அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தது. அன்று 50 பேர் பயணம் செய்தார்கள்.

வழக்கமான கட்டணம் 6,500 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி சேர்ந்து 7,670 ரூபாய் ஆனது. வரி மட்டுமே 1,170 ரூபாய். ஒரு குடும்பத்தில் நான்கு பேர் போய்வர 60,000 ரூபாயைத் தாண்டும் தொகை அது. கப்பலில் போக நினைப்பவர்கள் யார் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தத் தொகையின் பொருத்தமின்மை விளங்கும். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் திருநள்ளாற்றுக்கும் வர விரும்பும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், கலியாணத்துக்குத் துணி எடுக்க வருபவர்கள், போரால் பிரிந்த உறவினரைப் பார்க்க இரு பக்கமும் போய்வருபவர்கள், சிறு வணிகர்கள் ஆகியோரே இந்த வழியின் இயல்பான பயணிகள். விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை வந்துவிட்டால் அவர்களுக்குக் கப்பலைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இருக்காது.

மறுநாளே முன்பதிவு மிகக் குறைவாக இருந்ததால் கப்பல் புறப்படவில்லை. நாள்தோறும் என்று அறிவிக்கப்பட்ட சேவை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. வடகிழக்குப் பருவமழை நெருங்குவதைக் காரணம் காட்டி அக்டோபர் 20-ஆம் தேதியோடு சேவை நிறுத்தப்பட்டது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தமிழகக் கரையில் தொடங்கும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று வலுத்தால் நெருக்கமான, செங்குத்தான அலைகள் எழும். சிறிய விரைவுக் கப்பலுக்கு அது ஏற்ற காலமல்ல என்பது நாகப்பட்டினத்து மீனவர் எவரும் சொல்லக்கூடிய செய்தி. ஆகவே, அக்டோபர் நடுவில் தொடங்கியது கடலின் நாட்காட்டியைப் பார்த்து எடுத்த முடிவாக இருந்திருக்க முடியாது. ஜூலையில் இரு தலைவர்களும் கொடுத்த வாக்குறுதி அந்த ஆண்டுக்குள் நிறைவேற வேண்டும் என்ற எண்ணமே தேதியைத் தீர்மானித்ததாகத் தெரிகிறது. அந்த அவசரம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் அதன் விலையை முன்பதிவு செய்து ஏமாந்த பயணிகள் கொடுத்தார்கள். இந்த வழியை நம்பலாமா என்ற ஐயம் தொடக்கத்திலேயே விதைக்கப்பட்டது.

கப்பல் நின்ற நான்காம் நாள், அதாவது அக்டோபர் 24-இல், இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு இலவச விசா வழங்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்தியப் பயணிகளைக் கப்பலுக்கு ஈர்த்திருக்கக்கூடிய அந்த முடிவு கப்பல் இல்லாத நாளில் வந்தது. இரு தரப்பும் தனித்தனியே சரியானவற்றைச் செய்தும், அவற்றை ஒரே அட்டவணையில் கோக்கும் ஆள் இல்லாததையே இது காட்டுகிறது.

இடைவெளியில் எடுக்கப்பட்ட முடிவுகள்

2024 ஜனவரிக்குப் பின் கடல் அமைதியாகும் காலத்தில் சேவை திரும்பும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. மே 13-இல் தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்ற கப்பலை இயக்கும் என்ற அறிவிப்பு வந்தது. பிறகு அது 17 என்றும் 19 என்றும் மாறி, கடைசியில் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. கப்பல் வந்து சேர்வதும் உரிய அனுமதிகள் கிடைப்பதும் தாமதமாயின. வெளிநாட்டுப் பயணியர் சேவைக்குக் கப்பல் பதிவு, பாதுகாப்புச் சான்று, இரு நாட்டுக் குடியகல்வு, சுங்கம், துறைமுக அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை உண்டு. அத்தனை மேசையிலிருந்தும் தாள் நகர்ந்து வருவதற்கு முன்பே பயணச்சீட்டு விற்கப்பட்டது தவிர்த்திருக்கக்கூடிய பிழை.

ஆனால் இந்த மாதங்கள் வீணாகவில்லை. வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட மூன்று முடிவுகள் இந்தக் காலத்தில் உருவாயின.

நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலை இயக்குவதற்கு ஆகும் செலவில், மாதத்துக்கு 25 மில்லியன் இலங்கை ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ஓர் ஆண்டுக்கு இந்திய அரசே ஏற்பது என்பது முதல் முடிவு. கப்பலில் செல்லும் பயணிகளிடம் வசூலிக்கும் புறப்பாட்டு வரியை இலங்கை அரசு குறைத்தது இரண்டாவது. காங்கேசன்துறைத் துறைமுகச் சீரமைப்புக்கான தொகையைக் கடனாக அல்லாமல் 61.5 மில்லியன் டாலர் மானியமாகவே தருவதென்று இந்தியா ஒப்புக்கொண்டது மூன்றாவது.

மூன்றாவது முடிவுதான் பெரிய செய்தியாக வந்தது. கடன் சுமையில் மூழ்கிய நாட்டிடம் இன்னொரு கடனை நீட்டாமல் மானியமாக மாற்றியது சரியான செயல் என்பதில் ஐயமில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனில் கட்டி, 2017-இல் அதைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த அனுபவம் இலங்கையில் மறக்கப்படவில்லை. என்றாலும், கப்பலை மீண்டும் ஓட வைத்தது முதல் இரண்டு முடிவுகளே என்பது என் கணிப்பு.

கணக்கு சொல்வது

மாதம் 25 மில்லியன் இலங்கை ரூபாய் என்பது அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 70 இலட்சம் இந்திய ரூபாய். இரண்டாவது தொடக்கத்தின்போது சாதாரண இருக்கைக்குக் கட்டணம் சுமார் 5,000 ரூபாய். 150 இருக்கையும் நிரம்பினால் ஒரு வழிப் பயணத்தில் வரக்கூடியது ஏழரை இலட்சம். அதாவது அரசு ஏற்ற தொகை, முழுமையாக நிரம்பிய ஒன்பது ஒருவழிப் பயணங்களின் வசூலுக்குச் சமம். புதிய வழி ஒன்றில், தொடக்க மாதங்களில், ஒன்பது பயணங்கள் நிரம்பி ஓடுவதே பெரிய காரியம். அந்தச் செலவு பயணச்சீட்டின் விலையில் ஏறியிருந்தால் 7,670 ரூபாய்க் கட்டணம் திரும்பி வந்திருக்கும். கூடவே வெற்று இருக்கைகளும் வந்திருக்கும்.

ஆண்டுக்கு இது 300 மில்லியன் இலங்கை ரூபாய், அதாவது ஏறத்தாழ ஒரு மில்லியன் டாலர். காங்கேசன்துறைச் சீரமைப்புக்கு அறிவிக்கப்பட்ட மானியத்தில் இது அறுபதில் ஒரு பங்கு. துறைமுகத்துக்கு அந்தப் பெரிய தொகையைச் செலவழித்துவிட்டு இந்தச் சிறிய தொகையைத் தர மறுத்திருந்தால், கப்பல் வராத துறைமுகம் ஒன்று மிஞ்சியிருக்கும். பெரிய நாடுகளின் உதவித் திட்டங்களில் கட்டுமானத்துக்கு ஒரு தலைப்பு எப்போதும் உண்டு. நடத்தும் செலவுக்குத் தலைப்பு கிடைப்பது அரிது. இந்த நிகழ்வில் அது கிடைத்தது.

இரண்டாவது தொடக்கம்: ஆகஸ்ட் 2024

ஆகஸ்ட் 10-இல் வெள்ளோட்டம் முடித்து, 16-ஆம் தேதி 'சிவகங்கை' காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. இருக்கைகள் இம்முறையும் உடனே நிரம்பிவிடவில்லை. முன்பதிவுக்கு ஏற்பப் பயண நாட்கள் குறைக்கவும் கூட்டவும் பட்டன. முதல் முயற்சியில் இதே நிலை சேவையை நிறுத்தும் அளவுக்குப் போயிருந்தது. இம்முறை துறைமுகச் செலவு வேறிடத்திலிருந்து வந்ததால், குறைந்த பயணிகளோடு ஓடிய வாரங்களை இயக்குபவர் தாங்க முடிந்தது. வழி தெரிந்து, போய்வந்தவர் ஊரில் சொல்லி, அடுத்தவர் வர ஆகும் காலத்தை அந்தப் பணம் வாங்கிக் கொடுத்தது.

நாகப்பட்டின முனையத்தில் திரும்பும் பயணிகளின் வரிசையைப் பார்த்தால் இந்த வழியின் பொருளாதாரம் கண்முன் தெரிகிறது. யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எடைத் தட்டின் அருகே மூன்று மூட்டைகளை அவிழ்த்து மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றில் சேலைகளும் வேட்டிகளும், இன்னொன்றில் எவர்சில்வர்ப் பாத்திரங்கள், மூன்றாவதில் கோயில் பிரசாதமும் குழந்தைகளுக்கான உடுப்பும். எடை அனுமதித்த அளவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. "தம்பி, இதுக்குள்ள எதை விட்டிட்டுப் போறது, எல்லாம் கலியாண வீட்டுச் சாமான்" என்று அவர் கேட்டபோது, பணியாளர் கூடுதல் எடைக்கான தொகையைச் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்து, இரண்டு பாத்திரங்களைக் கைப்பைக்கு மாற்றி, மீதிக்குப் பணத்தைக் கட்டினார்.

விமானத்தில் அனுமதிக்கும் எடையைவிடக் கப்பலில் கொண்டுபோகக்கூடிய எடை அதிகம் என்பதே அவரைப் போன்றவர்களை இங்கே வரவைக்கிறது. பயணச்சீட்டின் விலையைப் பயணத்தின் இன்பத்துக்கான விலையாக அவர்கள் பார்ப்பதில்லை. கொண்டுபோகும் பொருளின் மேல் ஏறும் கூலியாகப் பார்க்கிறார்கள். ஆகவே மூட்டையின் எடை வரம்பை மாற்றுவது கட்டணத்தை மாற்றுவதற்குச் சமம். அதை ஒரு சிறு நிர்வாக விவரமாகக் கருதி அடிக்கடி திருத்துவது சரியல்ல.

மழைக்கால நிறுத்தமும் தொடர்ச்சியும்

2024 நவம்பரில் கடல் கொந்தளிக்கவே சேவை மீண்டும் நின்றது. முந்தைய ஆண்டிலிருந்து இதற்கு ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மூன்று மாதங்கள் ஓடிய பிறகு வந்த நிறுத்தம் என்பதால், இது பருவகால இடைவெளி என்று பயணிகள் ஏற்றுக்கொண்டார்கள். டிசம்பரில் புதிய இலங்கை அதிபர் தில்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கை இந்தச் சேவையைப் பாராட்டி, இராமேசுவரம்–தலைமன்னார் கப்பலையும் விரைவில் தொடங்க அதிகாரிகள் முயல வேண்டும் என்றது. ஆட்சி மாறியும் கப்பல் மாறாதது கவனிக்கத்தக்கது. இந்தியாவுடன் பொருளாதார ஒப்பந்தம் என்றாலே எதிர்ப்பு எழும் அரசியல் மரபிலிருந்து வந்த கட்சியின் அரசும் இதைத் தொடரவே விரும்பியது.

2025 பிப்ரவரி 22-இல் கப்பல் மீண்டும் புறப்பட்டது. இந்திய அரசு தன் நிதி உதவியை மேலும் ஓர் ஆண்டுக்கு நீட்டித்தது.

தீராமல் இருப்பவை

நாகப்பட்டினத் துறைமுகம் கடுவையாற்று முகத்துவாரத்தில் உள்ளது. ஆற்று மண்ணும் கடல் மண்ணும் சேர்ந்து வாய்க்காலைத் தூர்த்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை தூர்வாரிவிட்டு விட முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் வார வேண்டும். அந்தச் செலவு இன்னும் நிலையான கணக்கில் ஏறவில்லை என்பதே என் கவலை.

இன்னொன்று மீனவர் சிக்கல். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடிக்கும் தமிழக மீனவர்கள் பல தடவை கொண்டுசெல்லப்படுவது இதே காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குத்தான். தமிழகத்து இழுவைமடிப் படகுகள் வலையை அறுத்துச் செல்வதாகக் குமுறும் வட மாகாண மீனவர்களும் அதே கரையில்தான் வாழ்கிறார்கள். பயணிகள் புன்னகையோடு இறங்கும் துறையில் கைதான மீனவர்களும் இறக்கப்படுகிறார்கள். கப்பல் உறவை வளர்க்கும் என்று நாம் சொல்லும்போது, அந்தக் கடலை நம்பி வாழும் இரு பக்கத்து மீனவக் குடும்பங்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பதையும் எண்ண வேண்டும். இதைக் கப்பல் சேவை தீர்க்காது. ஆனால் சேவையைப் பற்றிப் பேச இரு நாட்டு அதிகாரிகள் கூடும் மேசையில் மீனவர் சங்கங்களுக்கும் ஓர் இடம் கொடுப்பது முடியாத செயலல்ல.

சரக்கைப் பற்றிய முடிவும் நிலுவையில் உள்ளது. வட மாகாணத்து விளைபொருளுக்கும் பனைப் பொருளுக்கும் தமிழகச் சந்தை மிக அருகில் இருந்தும், இப்போதைய கப்பலில் போவது பயணியின் மூட்டை மட்டுமே. 2000 மார்ச் முதல் இரு நாடுகளுக்கும் இடையே தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறையில் உண்டு. அதன் பயன் பெரும்பாலும் கொழும்பு வழியாகவே செல்கிறது. காங்கேசன்துறையில் சுங்கப் பரிசோதனையும் தாவர நோய்த்தடுப்புப் பரிசோதனையும் வணிக அளவில் நடக்காதவரை, யாழ்ப்பாணத்து விவசாயிக்கு இந்தக் கப்பல் தொலைவில் தெரியும் ஒன்றாகவே இருக்கும்.

மீண்டும் செய்வதாயின் மாற்ற வேண்டியவை

சேவையின் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடியும் என்று முதலிலேயே அறிவித்திருக்க வேண்டும். மழைக்கால மாதங்களைப் பழுதுபார்ப்புக்கும் தூர்வாருவதற்கும் ஒதுக்கிவிட்டால், நிறுத்தம் தோல்வியாகத் தோன்றாது. பயணச்சீட்டு விற்பனை, எல்லா அனுமதிகளும் கைக்கு வந்த பின்பே திறக்கப்பட வேண்டும். முன்பதிவு செய்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். அவர் எடுத்த விடுப்பையும் விசாவையும் ஊரில் சொல்லிவைத்த வார்த்தையையும் திருப்பித் தர முடியாது.

நிதி உதவியை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பதற்குப் பதிலாக மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு உறுதி செய்து, பயணிகள் கூடக்கூடப் படிப்படியாகக் குறையும் வகையில் எழுதலாம். அப்போதுதான் இயக்குபவர் இரண்டாவது கப்பலில் முதலீடு செய்யத் துணிவார். காங்கேசன்துறை இரயில் நிலையம் துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் இரயில் நிலையம் ஊருக்குள்ளேயே உண்டு. கப்பல் வரும் நேரத்தையும் இரயில் புறப்படும் நேரத்தையும் ஒட்டவைத்து ஒரே சீட்டில் விற்க, புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 1914-இல் செய்ததுதான்.

இராமேசுவரம்–தலைமன்னார் வழியைத் தொடங்கும் முன், துறைமுகச் செலவை யார் ஏற்பது, தூர்வாருவது யார், வரிகள் எவ்வளவு, மூட்டைக்கு எத்தனை கிலோ என்ற நான்கையும் இரு அரசுகளும் எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். தொடக்க விழாவுக்கு நாள் குறிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.